அடியாத மாடு படியாதா?

“அடியாத மாடு படியாது!” மாட்டுக்குச் சொன்ன பழமொழி இது. மகனுக்கும் சொன்னார்கள், மாணவனுக்கும் சொன்னார்கள். மெய்தானா என்று சோதித்தவர் எத்தனை பேர்? முன்னோர் மொழி என்றதும் மூளைக்கு முக்காடிட்டோம். மணி என்னும் நாய் நமக்கு ஆசானாகும் வரையில் நாமும் அப்படித்தான் இருந்தோம்.

ஆலங்குளத்தில் நம் இல்லத்துக்கு வந்த இராசபாளையத்துக் குட்டி அது. 2005இல் இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம். ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு தென்காசிச் சாலைக்கு ஓடிற்று. பேருந்தும் லாரியும் பறக்கும் சாலை! “மணி! மணி!” எனக் கதறினோம். திரும்பி வந்தது. வந்ததும் பிரம்பால் அடித்தோம். மறுநாள் அழைத்தபோது வரவில்லை. வாலை ஒடுக்கி, எட்ட நின்று, நம் கையையே பார்த்தது. ஓடியதற்கு அடித்ததாக நாம் எண்ணினோம். அழைத்தால் வந்ததற்கு அடி என்றே நாய் கற்றது!

அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டியிலிட்டு ஆராய்ந்தார். நற்பயன் தரும் செயல் நிலைக்கும் என்று கண்டார். தண்டனையும் அதே அளவு வலியதென முதலில் கருதியவர், 1930களில் சான்றுகளைக் கண்டு தம் கருத்தையே திருத்திக்கொண்டார். அதுவன்றோ அறிவு நேர்மை!

நாமும் பிரம்பை எறிந்தோம். அவித்த முட்டையை எடுத்தோம். நகத்தளவு துண்டுகள். “மணி, வா” என்னும் ஒரே சொல். முதலில் இரண்டடித் தொலைவு. வந்த நொடியே துண்டு; தாமதித்தால் எதற்குக் கிடைத்ததென நாய்க்குப் புரியாது. நாளுக்கு ஐந்து நிமிடம். பின்னர் முற்றம், அதன்பின் நீண்ட கயிற்றுடன் திறந்த வெளி. வராவிட்டால் முட்டை இல்லை, அடியும் இல்லை. நன்கு பழகியபின் சிலமுறை முட்டை, சிலமுறை தட்டிக்கொடுத்தல்.

“இது கைக்கூலி அன்றோ?” என்றார் நண்பர். திங்கள்தோறும் சம்பளம் வாங்கும் அவருக்கு நாம் என்ன விடை சொல்வது?

மணி இப்போது அழைத்தால் பாய்ந்து வருகிறது. ஆனால் நம் உள்ளம் ஓரிடத்தில் குத்துண்டு நிற்கிறது. “வீட்டுப்பாடம் எழுதவில்லை ஐயா; இரவெல்லாம் அம்மாவுக்குப் பீடி இலை வெட்டினேன்” என்று மெய் சொன்னான் ஒரு மாணவன். வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். அடுத்த வாரம், “நோட்டு தொலைந்துவிட்டது ஐயா” என்றான். மெய்க்குத் தண்டனை தந்தோம், பொய்யைப் பெற்றோம். அடியை மட்டுமன்றி மன வதையையும் விலக்குகிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சட்டம் அறிந்த நமக்கு அதன் பொருளை உணர்த்த ஒரு நாய் வேண்டியிருந்தது!

அவனை அழைத்து, “அன்று நீ சொன்னது மெய், தண்டித்தது எம் பிழை” என்றோம். நம் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.

தோழர்களே! அடித்தால் படியும் என்பார் சொல்லட்டும். எட்ட நிற்பது படிவு ஆகுமா? அவன் இன்னும் இரண்டடித் தொலைவில்தான் நிற்கிறான். அந்த இரண்டடியிலிருந்து நாம் தொடங்குகிறோம்.