பீங்கான் வந்த வழி

ஸ்ரீரங்கத்தில் நமது வீட்டு உக்கிராண அறையிலே, பாட்டியார் காலத்துப் பீங்கான் ஜாடி ஒன்று இருக்கிறது. மாவடு அதில்தான் ஊறும். மடியின்றி அதைத் தொட்டுவிட்டால், சிறு பிராயத்தில் நமக்கு வசவு நிச்சயம்.

வாசல் மாடத்திலும் ஒரு பீங்கான் இருந்தது. அது கோப்பை. நமது தகப்பனாரின் பால்ய சிநேகிதரான முஸ்லிம் பெரியவர் ஒருவர், திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு அருகிலிருந்து காவிரிப் பாலங் கடந்து வருவார். அவருக்குத் திண்ணையில் அந்தக் கோப்பையிலேதான் காபி. அருந்தியதும் தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஒரு நாளும் முகஞ் சுளித்தாரில்லை.

சமீபத்தில் வகுப்பிலே ஒரு மாணவன், "பீங்கான் தமிழ்ச் சொல்லா, ஐயா?" என்று கேட்டான். அகராதிகளைப் புரட்டினோம். தமிழன்று, பாரஸீகத்துப் 'பிங்கான்'. கிண்ணம் என்று பொருள். ஈரானியக் கிராமங்களில் அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை அளவாகக் கொண்டு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டார்கள். நமது நாழிகை வட்டிலைப் போலத்தான். அக்கிண்ணத்துக்கும் அதே பெயர். அரபியர் நாவில் அது 'ஃபின்ஜான்' ஆயிற்று. அவர்களிடமிருந்து பெற்ற துருக்கியர், தமது காபிக் கோப்பைக்கு அதையே பெயராக்கினர். கிழக்கே கப்பலேறிய சொல் மலையாளத்தில் 'பிஞ்ஞாணம்'; மலாய் மொழியில் 'பிங்கான்'. துருக்கியர் தமது சித்திர ஓடுகளைச் 'சினி' என்பர். சீனத்தைச் சேர்ந்தது என்பதே அதன் பொருள்.

ஆக, சீனத்துப் பாண்டம், பாரஸீகப் பெயர், ஸ்ரீரங்கத்து மாவடு!

நமது பெரிய கோயிலிலேயே துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு. 'துலுக்கர்' என்பதும் துருக்கர் என்பதன் திரிபே. அந்த நாச்சியாரை முன்னிட்டு அரங்கன் ரொட்டியும் அமுது செய்கிறான். அரங்கனுக்கு இல்லாத ஆசாரம் நமக்கு எங்கிருந்து வந்தது? தூரதேசத்துச் சொல்லை உக்கிராண அறைவரை அழைத்தோம். நம்மைப் போலவே தமிழ் பேசிய சிநேகிதரைத் திண்ணையோடு நிறுத்தினோம்.

அப்பெரியவர் காலமாகிவிட்டார். சென்ற மாதம் அவர் குமாரர் வந்தார். கூடத்தில் அமர்த்தி, நாம் அருந்தும் டம்ளரிலேயே காபி கொடுத்தோம். புறப்படுகையில், "உங்கள் வீட்டு மாவடுவைப் பற்றி அத்தா அடிக்கடி சொல்வார்கள்" என்றார். ஜாடியைத் திறந்து அள்ளிக் கொடுத்தோம். கொடுக்கையில் கை கூசிற்று. முப்பது வருஷம் தாமதமான உபசாரம் அல்லவா?