ஆணிதான் முதலில் போகும்

மடவளை பஸாரின் வெல்டிங் பட்டறைகளில் இரும்பு தனியாக இருப்பது அபூர்வம். கேட்டுக்குப் பித்தளைக் குமிழ் கேட்பார்கள். கூரைச் சட்டத்தின் மேல் நாகம் பூசிய தகரம் ஏறும். எதை எதனோடு பூட்டினால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அறியத்தான் கண்டியிலிருந்து வத்தேகம பஸ்ஸில் ஏறி அங்கே இறங்கினேன்.

"பித்தளையோட சேர்ந்தா இரும்பு கெட்டுப்போகுமா நானா?" என்று கேட்டதும், பட்டறைக்காரர் ஒரு பித்தளைப் பெயர்ப்பலகையை எடுத்து நீட்டினார். பலகைக்கு ஒரு குறையுமில்லை. அதைப் பிடித்திருந்த இரும்பு ஸ்குரூக்கள் தலையடியில் பாதியாக மெலிந்திருந்தன. பிறகு பழைய இரும்பு கேட் ஒன்றைக் காட்டினார். அதிலிருந்த பித்தளைக் குமிழைச் சுற்றி ஒரு விரலகலத்துக்குத்தான் துரு.

"இங்க பித்தள சின்னதா ஈக்கி, இரும்பு பெருசு. பலகையில பித்தள பெருசு, ஆணி சின்னது. சின்னது இரும்பா இருந்தா அதுதான் மகன் மொதல்ல போகும்."

அவர் சொன்னது மின்வேதியியலின் முக்கியமான விதி. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, ஒரே ஈரம் இரண்டையும் நனைத்தால் அது ஒரு மின்கலம். இலத்திரனை எளிதில் விடும் உலோகம் கரையும், மற்றது தப்பும். நியம மின்வாய் அழுத்தத்தில் நாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44, செம்பு +0.34. செம்பும் பித்தளையும் பக்கத்தில் இருந்தால் கரைவது இரும்பே. ஈரத்திலுள்ள ஒட்சிசன், பித்தளைப் பரப்பு முழுவதிலும் இலத்திரன்களை வாங்கிக்கொள்கிறது. அத்தனையையும் கொடுக்க வேண்டியது அந்தச் சின்ன ஆணி.

பிரித்தானியக் கடற்படை இதைச் செலவு செய்து கற்றது. 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தினார்கள். 1763இல் பார்த்தபோது பல இடங்களில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகட்டைச் சுற்றிவந்த பழுப்புக் கடதாசி உரிக்கப்படாமல் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன. மடவளையில் அந்தக் கடதாசியின் வேலையைப் பழைய டயர் டியூப் செய்கிறது. குமிழுக்கு அடியில் வைக்க டியூபை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். உலோகம் உலோகத்தைத் தொடாவிட்டால் மின்னோட்டம் இல்லை.

கண்டிக்குக் கடல் தூரம் என்பதும் ஒரு பாதுகாப்பு. உப்பு நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கரையோரத்தில் அரிப்பு மூட்டிலிருந்து விலகியும் பரவும். மழைநீர் அப்படிக் கடத்தாது. மலைநாட்டில் துரு மூட்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. கேட்டில் கண்ட விரலகலத்துக்குக் காரணம் இதுதான்.

இதே விதி நாகத்தோடு சேரும்போது இரும்புக்குச் சாதகமாகத் திரும்புகிறது. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் 1837இல் காப்புரிமை பெற்ற நாகப்பூச்சு முறையின் அடிப்படை இதுவே. ஜி.ஐ. பைப்பில் மெல்லிய கீறல் விழுந்தாலும் பக்கத்து நாகம் அந்த இடத்தைக் காக்கிறது.

ஆனால் வெல்டிங் அந்தக் காவலையே எரித்துவிடுகிறது. நாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் சுடரின் வெப்பம் அதைவிட மிக அதிகம். நான் பார்த்துக்கொண்டிருக்கையில் வெள்ளைப் புகை எழுந்தது. இந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. உண்மையில் உதவுவது முகமூடியும் காற்றோட்டமும்தான். இளைஞர்களிடம் கண்ணாடி இருந்தது, முகமூடி இல்லை.

வெல்டிங் போட்ட கோட்டைக் கிரைண்டரால் சுத்தம் செய்து, நாகத்தூள் செறிந்த பெயிண்ட் பூச வேண்டும். அலுமினியம் கலந்த சில்வர் பெயிண்டும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அது ஈரத்தைத் தடுக்குமே தவிர நாகம் போல இரும்புக்காகக் கரையாது. விலை குறைவென்று பலர் அதையே கேட்கிறார்களாம்.

"கலர் அடிச்ச பொறகு வந்து பார்த்தா எல்லா கேட்டும் ஒண்ணுதான். அதுக்கு முந்தி வரச் செல்லுறன், யாரும் வாறதில்ல" என்றார். புது கேட்டுக்கு முற்பணம் கொடுக்கும் எவரும் அந்த ஒரு நடை போய்வருவது நல்லது.