புளி தட்டும் வீட்டில் ஒரு மணி நேரம்

கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் எடை போடும் நாளன்று முதலில் காதில் விழுவது அழுகைதான். பள்ளிக்கூட வராந்தா விட்டத்திலோ வேப்பமரக் கிளையிலோ தராசைத் தொங்கவிடுவோம். கால் இரண்டையும் நுழைக்க ஓட்டை வைத்துத் தைத்த துணி ஒன்று அதில் தொங்கும். பிள்ளையை அதில் உட்கார வைத்தால் கால் தரைக்கு எட்டாது. வீறிட்டு அழும், உதறும், முள் நிற்காமல் ஆடும். அம்மா முன்னால் வந்து தாடையைத் தொட்டு எதையாவது சொல்லி அமர்த்தினால்தான் எண்ணைப் படிக்க முடியும். அந்தச் சில நொடிகளில் எந்தத் தாய் தன் பிள்ளையோடு எப்படிப் பேசுகிறாள் என்பது தெரிந்துவிடும். சிலர் பேசிக்கொண்டே இருப்பார்கள். சிலர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு எங்களையே பார்ப்பார்கள். வளர்ச்சி அட்டையில் எடைக்குக் கட்டம் இருந்தது, இந்தப் பேச்சுக்குக் கட்டம் கிடையாது. இத்தனை வருடம் கழித்து எனக்கு நினைவிருப்பது எடைகள் அல்ல, அந்தப் பேச்சுகள்தான்.

1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் காலூன்றிய ஒன்றியம் கொட்டாம்பட்டி. உலக வங்கியின் கடனுதவியோடு வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை பார்ப்போம். எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைகளுக்கும் இறங்கிய பிள்ளைகளுக்கும் மட்டும் 90 நாள் சத்துருண்டை. எடை ஏறியதும் உருண்டை நிறுத்தப்படும். எல்லாருக்கும் கொடுக்காமல் சிலருக்கு மட்டும் கொடுத்தால் ஊரில் சண்டை வருமே என்று பயந்தோம். சண்டை வரத்தான் செய்தது. ஆனால் "எம் புள்ளைக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று சண்டைக்கு வந்த தாயிடம்தான் வளர்ச்சி அட்டையை நிதானமாக விளக்க முடிந்தது. கோடு மேலே போகிறது, உன் பிள்ளை நன்றாக இருக்கிறான், உன் கைப்பக்குவம் சரியாக இருக்கிறது என்று சொல்லும்போது அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பெற்றவளை ஒருவர் பாராட்டுவது அந்த ஊர்களில் அபூர்வம்.

பணியாளர்களைத் தேர்ந்தெடுத்த முறையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு. உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தால் நல்லது, அந்த ஏழ்மையிலும் தன் பிள்ளைகளை நோஞ்சானாக விடாமல் வளர்த்தவளாக இருந்தால் இன்னும் நல்லது. எட்டாவது படிப்பு போதும். இதன் பொருள் சாதாரணமானதல்ல. வழி அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டுக்காரியைக் கண்டுபிடித்துப் பேச வைத்தால் போதும் என்று ஓர் அரசுத் திட்டம் நம்பியிருக்கிறது.

எங்களுக்குப் பெரிய பரீட்சை அப்பத்தாக்கள். பிள்ளையை நிறுத்தால் கண்ணு பட்டுரும் என்று எடைநாளன்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் உண்டு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும், முதல் மூன்று நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வதும் அவர்கள்தான். மருமகளிடம் மணிக்கணக்கில் பேசி என்ன பயன்? அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லில்லை. ஒரு வீட்டில் எங்கள் பணியாளர் மருமகள் பக்கமே திரும்பாமல் திண்ணையில் அப்பத்தாவின் அருகே போய் உட்கார்ந்தார். தொழுவத்தில் ஈன்று இரண்டு நாளான பசு நின்றது. "கன்னுக்கு சீம்பாலு விட்டீகளா அப்பத்தா?" என்று கேட்டார். "விடாம? அது இல்லாட்டி கன்னு எந்திரிக்குமா?" என்றது கிழவி. பணியாளர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து நீட்டினார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்துவிட்டு, "ஏத்தா, புள்ளையத் தூக்கி மார்ல விடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது அப்பத்தாதான். அதன் பிறகு அந்த வீட்டில் வளர்ச்சி அட்டை அப்பத்தாவின் சுருக்குப்பையில் மடித்துக் கிடந்தது. எடைநாளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர்தான்.

என் சொந்த அப்பத்தா ஞாபகமும் இதோடு வரும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தெருவில் எந்தப் பிள்ளையைக் காட்டினாலும் "அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு, இன்னும் தலை நிக்கலையே" என்று சொல்லிவிடுவார். பின்னாளில் பயிற்சியில் பருவ வளர்ச்சி அட்டவணையைக் கையில் கொடுத்தார்கள். எந்த மாதத்தில் கவிழும், எப்போது கைதட்டும், எப்போது நடக்கும் என்று கட்டம் கட்டமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பிள்ளைத்தமிழ்தான் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் மாதம் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் தளர்நடை போட்டு வரும் வருகை, அதற்குப் பிறகு நிலாவைக் கூப்பிடும் அம்புலி. நம் புலவர்கள் பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கிப் பாடியபோது, தாய்மார் மடியில் நடப்பதை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்! அதனால் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் அட்டவணையை முதலில் எடுப்பதில்லை. உங்கள் ஊரில் கைக்குழந்தையோடு என்னவெல்லாம் விளையாடுவீர்கள் என்றுதான் கேட்பேன். சாய்ந்தாட வைப்பது, கைவீச வைப்பது, உள்ளங்கையில் விரலால் பருப்புக் கடைந்து கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவது என்று ஒவ்வொன்றாக வரும். வகுப்பே சிரிப்பில் மிதக்கும். அப்புறம் அட்டவணையை விரித்தால் பாதிக்குமேல் அவர்களே சொல்லி முடித்தது.

இதில் கவலைப்பட வேண்டிய ஒன்று உண்டு. அந்த விளையாட்டெல்லாம் கூட்டுக் குடும்பத்துத் திண்ணையில் நடந்தவை. செங்கல் சூளையிலோ திருப்பூரில் ஓர் அறை வீட்டிலோ பிள்ளை பெற்றிருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு அதைக் காட்டிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கைபேசியில் படம் ஓடுகிறது, பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது மூன்றாவது கையாக எது கிடைக்கிறதோ அதைத்தானே எடுப்பாள்.

மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது 1972-இல். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கன்வாடி என்றதும் ஆடிப் பாடும் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள்தான் எல்லார் கண்ணிலும் தெரிகிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெரும்பாலும் மையத்துக்கு வருவதில்லை. அதன் பங்கு சத்துமாவுப் பொட்டலமாக வீட்டுக்குப் போகிறது. மூளை மிக வேகமாக வளரும் வயது அது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். அந்த வயதுக்குத் திட்டத்தில் இருக்கும் ஒரே கல்வி, பணியாளர் அந்த வீட்டுக்குப் போய் உட்காரும் நேரம். பதிவேடுகள் கூடும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவதும் அந்த நேரம்தான்.

கொட்டாம்பட்டிப் பக்கத்தில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் அங்கே புளி வேலை. வியாபாரி மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓடு நீக்கி, நார் உரித்து, முத்தைத் தட்டி எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வீட்டுப் பெண் காலை நீட்டி உட்கார்ந்து, சின்ன இரும்பால் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வயதுப் பையன் தூளியில். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அட்டையில் அவன் கோடு மாதக்கணக்கில் படுத்தே கிடந்தது. பணியாளர் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து புளி உரிக்க ஆரம்பித்தார். முதலில் செய்தது, சிதறிக் கிடந்த புளியமுத்தையெல்லாம் கூட்டி அள்ளி உயரத்தில் வைத்தது. வாயில் போட்டால் மூச்சு அடைத்துவிடும். பிறகு பையனைத் தூளியிலிருந்து எடுத்து, அம்மாவுக்கு எதிரே கால் மாட்டில் உட்கார வைத்தார். கையில் ஒரு கொட்டாங்குச்சியைக் கொடுத்தார். இவள் தட்டினாள், அவனும் தரையில் தட்டினான்.

"அவன்ட்ட பேசுவியாத்தா?"

"பேசாத புள்ளைகிட்ட என்னக்கா பேச?"

"அவன் எங்க பாக்குறான்னு பாரு."

அவன் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொஞ்சம் வெட்கத்தோடு, உரித்த பழத்தைத் தூக்கிக் காட்டி, "புளி… புளி" என்றாள். அவன் முகத்தைச் சுளித்தான். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கை வேலையை நிறுத்தாமலே தட்டுவதை எண்ணிச் சொல்ல ஆரம்பித்தாள். பணியாளர் ஒரு மணி நேரம் இருந்திருப்பார். கிளம்பும்போது, காலையில் ஆக்கிய சோற்றில் கொஞ்சம் பருப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுப் பிசைந்து, வேலைக்கு நடுவிலேயே இரண்டு தடவை கூடுதலாகக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான் ஆலோசனை. அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் சாலி கிரந்தம் மெக்ரிகர் என்ற மருத்துவர் 1986-இல் தொடங்கிய வேலையைப் பற்றிப் பல வருடம் கழித்துப் படித்தபோது, எனக்கு அந்தப் புளி வீடுதான் கண்ணில் வந்தது. ஏழைக் குடியிருப்புகளில் உயரம் குன்றிய 129 பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் போனார், இரண்டு வருடம் போனார். கையில் வீணான பொருளிலிருந்து செய்த விளையாட்டுச் சாமான். அதை வைத்துத் தாயும் பிள்ளையும் விளையாட வேண்டும், பணியாளர் கூட இருப்பார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இருபத்திரண்டு வயதானபோது, அந்த விளையாட்டு நேரம் கிடைக்காத பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014-இல் ஆய்வு வெளியானது. பணக்கணக்கைவிட என்னைத் தொட்டது அந்த வாராவாரம் என்ற ஒழுங்கு. ஒருமுறை போய் அறிவுரை சொல்லிவிட்டு வருகிறவர் விருந்தாளி. தவறாமல் போகிறவரிடம்தான் புருஷன் அடிப்பதையும், ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் அழுவதையும், பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை என்பதையும் சொல்வார்கள். அது வெளியே வராதவரை சத்துமாவும் விளையாட்டும் அந்த வீட்டில் வேலை செய்யாது.

தாய்மார் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைப்பது எங்கள் வழக்கம். கூலிக்குப் போகிற தாய் அந்த நேரத்தில் எப்படி வருவாள்? நூறு நாள் வேலை வந்த பிறகு சில ஊர்களில் கூட்டத்தைக் கண்மாய்க்கரைக்கே கொண்டுபோனோம். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலையாட்களில் ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று அந்த வேலைக்கான சட்டத்திலேயே இருந்தது. மரத்தடியில் வயதான அம்மா ஒருவர் பிள்ளைகளை வைத்திருப்பார். சோற்று வேளையில் அங்கே உட்கார்ந்து பேசினால் முப்பது, நாற்பது பெண்கள் காது கொடுப்பார்கள். அவர்களோடு ஆண்களும் இருப்பார்கள். அப்பாக்களைக் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாத காலம் அது. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது: "டீச்சர், எம் மக எங்கிட்ட மட்டும் நெறைய பேசுறா, ஆத்தாகிட்ட பேச மாட்டேங்கிறா, ஏன்?" தினமும் சாயங்காலம் அவளைத் தோளில் உட்காரவைத்து டீக்கடைக்குத் தூக்கிப்போகிறவர் அவர். வழியில் வரும் ஆடு, மாடு, பஸ் எல்லாவற்றையும் காட்டிச் சொல்லிக்கொண்டே போவாராம். எங்கள் பயிற்சிப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொன்னது அதைத்தான். அங்கிருந்த ஆண்களிடம் அவரையே பேசச் சொன்னோம்.

இப்போது அங்கன்வாடிகளுக்குப் போனால் டீச்சர் கையில் கைபேசி இருக்கிறது. எடையும் உயரமும் செயலியில் ஏற வேண்டும், படம் ஏற வேண்டும். தராசு முள் ஆடிய காலத்தில் பணியாளர் பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். இப்போது சிக்னல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. குற்றம் அவர் மேல் இல்லை. ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் சேர்ந்து சமைத்து, பாடம் நடத்தி, தடுப்பூசிக்கு ஆள் கூட்டி, கணக்கு எழுதி, அதற்குப் பிறகு வீடுகளுக்கும் போக வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது குறைந்த ஊதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஆகிவிட்டது.

வழி தெரியாமல் இல்லை. நம் மாநிலத்திலேயே 320 அங்கன்வாடிகளை எடுத்து, ஒரு பகுதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் செய்த வேலை அது. பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தேறினார்கள். பழைய பணியாளருக்கும் கை ஓய்ந்து ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்தது. உயரக் குறைவும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. இதை எல்லா மையத்துக்கும் செய்ய வேண்டும் என்று கூப்பிடும் இடமெல்லாம் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புளி வீட்டில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தை ஊதியம் உள்ள வேலையாகக் கணக்கில் எழுத வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி.

அண்மையில் பயிற்சிக்கு வந்த புதுப் பணியாளர் ஒருவர், சின்னப் பெண், வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். "எந்த வீட்டுல தொடங்குறது மேடம்?" என்றாள். அவள் நோட்டையே விரித்து, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தெருவாரியாக எழுதினோம். காலனித் தெருவுக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போக வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் அப்போதுதான் திரும்பியிருப்பார்கள். கட்டட வேலைக்குப் போகும் அப்பாக்கள் மழை நாளில் வீட்டில் இருப்பார்கள். மேலத்தெருவில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடு ஒன்று இருக்கிறதாம், அங்கே திண்ணையில் உட்கார்ந்து மாமியாரிடமிருந்து ஆரம்பிக்கட்டும். பிறந்து பதினைந்து நாளே ஆன குழந்தை இருக்கும் வீட்டுக்கு மட்டும் நாளைக்கே போகச் சொன்னேன்.