அஸருக்குப் பின் ஒரு வகுப்பறை

சென்னைக்கு வரும் வாசகர்களே! திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டுக் கிழக்கு நோக்கி நடந்து பாருங்கள். 1795இல் எழுந்த அப்பள்ளியிலிருந்து சிறிது தொலைவில், கடற்காற்று முகத்தில் படும் இடத்தில், ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையையும் அருகருகே காண்பீர்கள். 1857இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கென ஒரு துறை 1927இல் தொடங்கப்பெற்றது.

"வாப்பா, தினமும் ஓதுகிறீர்களே, அதன் பொருள் என்ன?" என்று என் மகள் கேட்ட நாளில் நான் வாயடைத்து நின்றேன். நாற்பது ஆண்டுகள் ஓதிய நாவு! அந்த வெட்கமே அலுவல் முடிந்தபின் பல்கலைக்கழகத்தின் மாலை நேர அரபு வகுப்பில் என்னைக் கொண்டு சேர்த்தது. பட்டத்திற்காக அன்று, விருப்பத்திற்காகப் பயின்றேன்.

ஆசிரியர் கரும்பலகையில் காஃப், தா, பா என மூன்று எழுத்துகளை எழுதினார். அவற்றினின்று பிறந்தவை பல: கிதாப், எழுதப்பட்ட நூல், காதிப், எழுதுபவர், மக்தப், எழுதும் இடம். சிறுவயதில் ஓதச் சென்ற மக்தபின் பொருளை அன்றுதான் அறிந்தேன்! வகுப்பு முடிந்து அதே பள்ளிக்கு இஷா தொழத் திரும்புவேன். நாளடைவில், இமாம் ஓதுகையில் தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாகச் செவியில் விழலாயின.

மகளின் கேள்விக்கு முழு விடை இன்னும் என்னிடமில்லை. ஆயினும் இப்போது இருவரும் சேர்ந்தமர்ந்து பொருள் தேடுகிறோம். உங்கள் ஊர்க் கல்லூரியிலும் இத்தகைய வகுப்பு உண்டா எனக் கேட்டுப் பாருங்கள். வயதைத் தடையாக எண்ணாதீர்கள். ஓதத் தெரிந்த நாவுக்கு உணரும் உள்ளத்தையும் துணையாக்குவோம், இன்ஷா அல்லாஹ்.