நூற்றில் ஒருத்தி

நம்ம ஊர் ரங்கநாதன் தெருவுக்குக் கோட்டு மாட்டி, சென்ட் அடித்து, 'சத்தம் போடாதே' என்று அதட்டி உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் டோக்கியோவின் கின்ஸா! 1612-ல் வெள்ளி நாணயம் அடிக்கும் பட்டறை இங்கே வந்தது. 'கின்' என்றால் வெள்ளி. இப்போது நாணயம் அடிப்பதில்லை. நம் பர்ஸில் இருப்பதைக் கறப்பதோடு சரி.

மைத்துனனுக்கு அங்கே வேலை. டிக்கெட் அவன் செலவு. (பி.காம். படித்தவன் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.)

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு என் மனைவி கேட்டாள்: "என்னங்க, முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டிக்கட்டுமா?"

"அம்மா என்ன சொல்வாங்களோ..." என்று பழியை அம்மா தலையில் போட்டுத் தப்பித்தேன். அந்தக் கேள்வி விமானம் ஏறி என் பின்னாலேயே வரும் என்று யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். கின்ஸாவின் மெயின் ரோட்டில் கார்களை நிறுத்திவிட்டு, ஜனங்களை நடக்க விடுகிறார்கள். 1970-லிருந்து இப்படித்தான். இங்கே சும்மா உலாத்துவதற்கென்றே 'கின்புரா' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நாங்களும் கின்புரா செய்தோம். செலவில்லாத பொழுதுபோக்கு!

இதே தெருவில்தான் 1920-களில் 'மோகா' நடந்தாள். 'மாடர்ன் கேர்ள்' என்பதை ஜப்பானியர்கள் சுருக்கிய சுருக்கு அது. அமெரிக்காவில் 'ஃப்ளாப்பர்' என்று பெயர் வாங்கினாளே, அவளுடைய ஜப்பானியத் தங்கை. காதோரம் வெட்டிய முடி, கவிழ்த்த மணி மாதிரி ஒரு தொப்பி, மெல்லிசாய் வரைந்த புருவம், உதட்டில் சிவப்பு, முழங்கால் வரை கவுன்.

முடியை வெட்டுவது லேசான காரியமா என்ன? 1871-ல் ஜப்பான் அரசு ஆண்களைப் பார்த்து, 'குடுமியை எடுக்கலாம்' என்றது. 'ஆகா, நாகரிகம்!' என்று பாராட்டினார்கள். அதைப் பார்த்துச் சில பெண்களும் வெட்டிக்கொள்ள, அடுத்த வருஷமே, 1872-ல், 'பெண்கள் முடி வெட்டக் கூடாது' என்று டோக்கியோவில் தடை! ஆண் வெட்டினால் நாகரிகம், பெண் வெட்டினால் குற்றம். அன்றைய பெண்களின் கொண்டையோ எண்ணெயும் சீப்பும் வைத்துக் கட்டிய கோபுரம். அது கலையாமல் இருக்க, உயரமான கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். தூக்கம் வந்த மாதிரிதான்!

1923 செப்டம்பர் 1 பூகம்பம் டோக்கியோவைச் சாய்த்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்துப் போனார்கள். கின்ஸா எரிந்து சாம்பல். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தது புதுத் தெரு. அதுவரை பெரிய கடைகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நம்ம கோயில் மாதிரி! 1924-ல் கின்ஸாவில் திறந்த மட்ஸுஸகாயா கடை, 'செருப்போடு வாங்க' என்றது. அந்த இடத்தில்தான் இப்போது 'கின்ஸா சிக்ஸ்' என்ற பிரம்மாண்டக் கட்டடம் நிற்கிறது.

முகத்துக்கும் விடிவு வந்திருந்தது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பவுடர் பூசிய ஊரில், 1872-ல் இதே கின்ஸாவில் மருந்துக் கடையாகத் தொடங்கிய ஷிசெய்டோ, 1917-ல் ஏழு நிறத்தில் பவுடர் கொண்டுவந்தது.

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 'மோகா வந்தாள், குடும்பம் கெட்டது, தேசம் கெட்டது' என்று ஒரே புலம்பல். கோன் வாஜிரோ என்ற கட்டடக் கலைப் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்தது. 1925 கோடையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கின்ஸாவுக்கு வந்து, போகிற வருகிறவர்களின் உடையை ஒவ்வொன்றாக எண்ணினார். (கணக்கு என்றால் எனக்கு உயிர். மனுஷனைக் கும்பிடத் தோன்றியது.) கோட்டு, பேன்ட் போட்ட ஆண்கள் நூற்றுக்கு 67. மேல்நாட்டு உடை உடுத்திய பெண்கள்?

நூற்றுக்கு ஒன்று!

67 ஆண்கள் உடை மாற்றியபோது கெடாத தேசம், ஒருத்தி மாற்றியதும் கெட்டுவிட்டதாம். அந்த ஒருத்திக்கு அன்று ஓட்டுரிமைகூடக் கிடையாது. 1940-ல் 'ஆடம்பரமே எதிரி' என்று தெருவில் பலகை வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷமே 'பெர்ம்' செய்த சுருட்டை முடி வேண்டாம் என்றாகிவிட்டது. 1946 ஏப்ரல் 10-ல்தான் ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள். 39 பெண்கள் பார்லிமென்டுக்குப் போனார்கள்.

சாயங்காலம், கின்ஸாவின் ஒரு சந்தில் இருக்கும் 'ஒகுனோ பில்டிங்'குக்குப் போனோம். 1932-ல் கட்டியது. லிஃப்ட் கதவை நாமே கையால் இழுத்துச் சாத்த வேண்டும். மூன்றாம் மாடியில் 306-ம் எண் அறையில் ஒரு பெண்மணி பல வருஷம் அழகு நிலையம் நடத்தினாராம். கதவுக்கு வெளியே நின்று நான் 67-க்கு 1 கணக்கை உருக்கமாக விளக்கினேன். "பாவம், நூத்துல ஒருத்தியா நடக்க எவ்வளவு தைரியம் வேணும்!"

மனைவி தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டபடி சொன்னாள்: "வாஸ்தவம்தான். ஆனா நான் வெட்டினா எங்க ஆபீஸ்ல பதினஞ்சாவது ஆள். உங்களுக்கு என்னங்க பயம்?"

லிஃப்ட் கதவை இழுத்துச் சாத்தினேன், பேச்சை மாற்ற வசதியாக. மாற வில்லை. கீழே வந்ததும், "சரி, இங்கேயே வெட்டிக்கோ" என்று பெரிய மனசு பண்ணி, ஒரு பியூட்டி பார்லரின் விலைப் பலகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். மனசு மறுபடி சுருங்கியது. "ஊர்ல போய் வெட்டிக்கறேன்" என்று அவளே காப்பாற்றினாள்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அவ முடிதானேடா? அதுக்கு உன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றாள் அம்மா.