பாலையின் செந்தளிர்

தளிர், துளிர், கொழுந்து, குருத்து, முறி என இளமைக்கு எத்தனை பெயர்களை நம் தமிழ் வைத்திருக்கிறது! மாந்தளிர் மேனி என்னும் தொடரை வகுப்பில் விளக்கும்போது, தளிரின் சிவப்பை அழகென்று எடுத்துரைப்போம். அந்த அழகுக்கு ஒரு தொழிலும் உண்டு என்பதைத் தாவரவியல் துறை நண்பர்களுடன் உரையாடி அறிந்தோம். பாலை நிலத் தாவரங்களில் அத்தொழில் இன்னும் தெளிவாக விளங்குகிறது.

இளந்தளிரின் பச்சைய உறுப்புகள் முழுமை பெற்றிருப்பதில்லை. ஆகவே, தன்மீது விழும் ஒளி முழுவதையும் உணவாக்கும் ஆற்றல் அதற்கில்லை. எஞ்சும் ஒளியோ திசுக்களைச் சிதைக்கும் நச்சு மூலக்கூறுகளைத் தோற்றுவிக்கிறது. அவ்வேளையில் சிவப்பு நிறமி பச்சை, நீல ஒளியின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொண்டு, உள்ளிருக்கும் உறுப்புகளுக்குத் திரையாகிறது. இத்தகைய நிறமிகளுள் ஒருவகைக்கு 1835-இல் செருமானியரான மார்க்கார்ட் ஆந்தோசயனின் எனப் பெயரிட்டார். மாந்தளிரில் இருப்பது அதுவே.

கள்ளி இனங்களிலோ பீட்டாலெயின் என்னும் வேறு நிறமி இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை. பீட்ரூட்டுக்கும் செந்தண்டுக்கீரைக்கும் நிறம் தருவது பீட்டாலெயினே. சிறுவயதில் சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று நாக்குச் சிவக்கத் திரிந்தோமே, அச்சிவப்பும் இதுவே. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலையில் ஊதாநிறச் சப்பாத்திக்கள்ளி ஒன்று உண்டு. மழை பொய்த்தாலும் குளிர் மிகுந்தாலும் அதன் செந்நிறம் அடர்கிறது.

இத்திரைக்கு விலையும் உண்டு. நிறமி ஆக்குவதற்கு உணவு செலவாகிறது. உணவாக்க வேண்டிய ஒளியும் சற்றுக் குறைகிறது. ஆதலால் மாந்தளிர் போன்றவை முதிர்ந்து வலுப்பெற்றதும் சிவப்பு மங்கிப் பசுமை மேலிடுகிறது.

எம் வகுப்பின் கடைசி இருக்கையில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை வளைகுடாவில் உழைக்க, வீட்டுச் சுமை இவன் தோளில் இருந்தது. கேள்வி கேட்டால் முகம் சிவந்து வெடுக்கென்று பதில் சொல்வான். அடக்கமற்றவன் எனக் கருதி, அவனை வகுப்பிலிருந்து நீக்கவேண்டும் என்றார் சக ஆசிரியர் ஒருவர். அவன் சினம் ஒரு திரை என்றே எமக்குத் தோன்றியது. அதைக் கிழிக்க முயலாமல், மாலையில் அரைமணி நேரம் தனியே பாடம் சொன்னோம். முதற்பருவம் முழுதும் அவன் மாறவில்லை. இரண்டாம் பருவத்தில் ஒருநாள் தானே ஓர் ஐயம் கேட்டான். இவ்வாண்டு இறுதித்தேர்வு எழுதுகிறான்.

திரை மட்டும் எல்லா இளஞ்செடிகளையும் காத்துவிடாது. அதே சொனோராவில் 40 அடிக்கும் மேல் ஓங்கும் சகுவாரோ கள்ளி, முதல் 8 ஆண்டுகளில் 1 முதல் 1.5 அங்குலமே வளர்கிறது. அப்பருவத்தில் வெயிலும் உறைபனியும் அதை அழிக்காதவாறு நிழல் தந்து காப்பது பாலோ வெர்டே போன்ற மரங்களாகும். பின்னாளில் சகுவாரோ வேரோடி நீரை உறிஞ்ச, நிழல் தந்த மரம் வாடி முன்னரே மடிவதும் உண்டு.

ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோர்களும் இதை எண்ணிப் பார்த்தல் நலம். முதலாண்டு மாணவரிடம் காணும் முரட்டுத்தனத்தை உடனே குற்றமெனத் தீர்க்காமல், அதன்பின் எது காக்கப்படுகிறது என்று வினவுவோம். நிழல் கொடுத்தவரை வளர்ந்தவர் நினைப்பாரா என்னும் கணக்கு மரத்துக்கு இல்லை, நமக்கும் வேண்டா. மாணவ மணிகளே, நீங்களும் ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: வலுப்பெற்ற பின்னரும் திரையைச் சுமந்து திரிந்தால், பெறவேண்டிய ஒளி குறையும்.