ஒரே முருகன், இரண்டு ஆள்

காரைக்கால் பக்கம் மண்டபத்தூரில் முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நகைக்கடன் கம்பெனியில் அவர் பெயர் ஏழு ஆங்கில எழுத்து. வங்கியிலோ பத்து எழுத்து! 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் ஆயிற்றே. 'மு' என்பதை 'எம், ஓ, யு' என்று எழுதி, கடைசியில் ஒரு 'ஈ' சேர்க்கும் வழக்கம் அங்கே உண்டு. இரண்டு பட்டியலையும் கணினி ஒப்பிட்டால், முருகன் இரண்டு ஆள்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற முறை. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மற்றவற்றுக்கு எண் கொடுக்கும். இரண்டு முருகனுக்கும் எம்625 என்றே வரும். சபாஷ்! ஆனால் அடுத்த தெரு மாரிக்கண்ணுவுக்கும் அதே எம்625தான்.

ஆக, பெயரை மட்டும் நம்ப முடியாது. பிறந்த தேதி, தகப்பனார் பெயர், போன் நம்பர் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். அதற்கான கணக்கை 1969இல் கனடாவில் ஃபெலிகி, சன்டர் இருவரும் வகுத்தார்கள். மதிப்பெண் கூடினால் ஒரே ஆள், குறைந்தால் வேறு ஆள். நடுவில் நின்றால் மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தவறாகச் சேர்த்தால் மாரிக்கண்ணுவின் கடன் பாக்கி முருகன் தலையில் விழும். சேர்க்காமல் விட்டாலும் நஷ்டம்தான். பத்து ஆண்டு யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதைத் தேட 2023இல் உத்கம் இணையதளம் வந்தது. அங்கும் பெயரைத்தான் அடிக்க வேண்டும். முருகனின் பிள்ளைகள் ஏழெழுத்திலும் தேடட்டும், பத்தெழுத்திலும் தேடட்டும்.